பழி போடும் முன் ஒரு ஒயர் துண்டு

முதல்லயே ஒரு விஷயம் சொல்லிடறேன். எல்கேஜியிலிருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழில் நான் கடைசியாக நீளமாக எழுதியது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள்தான். அதனால் எழுத்துப்பிழை இருந்தால் எடிட்டோரியல் டீமைத் திட்டுங்க. கருத்துப்பிழை இருந்தால் என்னைத் திட்டுங்க.

இது எங்க ஃபார்முலா ஸ்டூடண்ட் டீம்ல நடந்த கதை. ஆனா கார் பத்தின கட்டுரை இல்லை. ஒரு லேப்டாப்புக்கும் ஒரு சர்க்யூட் போர்டுக்கும் நடுவுல இருக்கிற ஒரு மீட்டர் கேபிள் பத்தினது. அந்த ஒரு மீட்டர்ல நாங்க ஒரு பையனை இழந்தோம். அதுக்குக் காரணம் நான்.

போட்டிக்குச் சரியா ரெண்டு வாரம். ஒர்க்‌ஷாப்ல ராத்திரி பதினோரு மணி. கார் ஸ்டாண்டு மேல நிக்குது. லேப்டாப்ல ட்யூனர்ஸ்டுடியோ ஓடுது, ஈசியூவோட பேசிக்கிட்டு இருக்கு. ஸ்டார்ட்டரை அமுக்கினா எஞ்சின் ரெண்டு சுத்து சுத்தும், ஒரு தடவை வெடிக்கும். உடனே விண்டோஸ் 'டொய்ங்'னு ஒரு சத்தம் போடும், திரையில இருக்கிற மீட்டர் எல்லாம் செத்துப் போகும். கனெக்‌ஷன் இல்லை. மறுபடி கனெக்ட் பண்ணுவோம். மறுபடி டொய்ங்.

அப்போ எங்க வாயிலிருந்து வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? "எங்க தப்பு?" இல்லை. "இந்த போர்டை சால்டர் பண்ணது யாரு?"

கொஞ்சம் பின்னணி

விஷயம் தெரியாதவங்களுக்காக. எஞ்சினுக்குள்ள எப்போ பெட்ரோல் தெளிக்கணும், எவ்வளவு நேரம் தெளிக்கணும், எப்போ ஸ்பார்க் விடணும்னு முடிவு பண்ற கம்ப்யூட்டர்தான் ஈசியூ. நாங்க வச்சிருந்தது ஒரு 390 சிசி பைக் எஞ்சின். ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிப்படி, பெட்ரோல் எஞ்சினுக்குப் போற காத்து முழுக்க 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ரெஸ்ட்ரிக்டர் வழியாத்தான் போகணும். காத்து மாறினா பெட்ரோல் அளவும் மாறணும். பைக்கோட வந்த ஈசியூவுக்குள்ள போய் அந்தக் கணக்கை மாத்த முடியாது, அது பூட்டின பெட்டி. ரேசிங்குக்குன்னே விக்கிற ஈசியூவை வாங்கலாம், ஆனா அதுலயே டீம் பட்ஜெட் காலி.

அதனால எங்களை மாதிரி ஆட்களுக்கு இருக்கிற வழி, நாமளே கட்டுற ஈசியூ. 2001-ல அமெரிக்காவுல புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போன்னு ரெண்டு பேர் மெகாஸ்க்வர்ட்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. பாகங்களை வாங்கி, வீட்டு மேஜையில உட்கார்ந்து சால்டர் பண்ணி, சொந்தக் காருக்கு மாட்டிக்கலாம். அதுக்கப்புறம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜாஷ் ஸ்டீவர்ட் ஆரம்பிச்ச ஸ்பீடுயினோ வந்தது. நம்ம எல்லாரும் மினி ப்ராஜெக்ட்டுல யூஸ் பண்ற அதே ஆர்டுயினோ மெகா 2560 போர்டுதான் அதுக்கு மூளை. அதன் மேல ஒரு ஷீல்டு போர்டு உட்காரும். இன்ஜெக்டர், காயில், சென்சார் ஒயர் எல்லாம் அந்த ஷீல்டுலதான் வந்து சேரும். நாங்க எடுத்தது இதைத்தான்.

அந்த ஷீல்டை சால்டர் பண்ணினது ஒரு செகண்ட் இயர் தம்பி. பெயர் சொல்லலை. மூணு நாள் உட்கார்ந்து பண்ணினான். எல்லா ஜாயின்ட்டும் நல்லாத்தான் பளபளன்னு இருந்தது.

ஒரே எர்ரர், இருபது காரணம்

சீரியல் கம்யூனிகேஷன் ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. மூணு ஒயர். டிஎக்ஸ் வாய், ஆர்எக்ஸ் காது, கிரவுண்ட் ரெண்டு பேரும் நிக்கிற தரை. ஒருத்தன் வாய் அடுத்தவன் காதுக்குப் போகணும். வாயும் வாயும் சேர்ந்தா ரெண்டு பேரும் கத்துவாங்க, யாருக்கும் கேட்காது. ஒரு ஸ்டார்ட் பிட், எட்டு டேட்டா பிட், ஒரு ஸ்டாப் பிட், மொத்தம் பத்து பிட் சேர்ந்தா ஒரு பைட். ஸ்பீடுயினோ பேசுற வேகம் நொடிக்கு 115200 பிட். அதாவது நொடிக்கு 11520 பைட். ஒரு பிட்டுக்குக் கிடைக்கிற நேரம் ஒரு நொடியில பத்து லட்சத்துல ஒன்பது பங்குகூட இல்லை.

இதுல பிரச்சினை என்னன்னா, இந்தப் பாதையில எங்க அடைப்பு வந்தாலும் திரையில வர்ற செய்தி கிட்டத்தட்ட ஒண்ணுதான்: கனெக்ட் ஆகலை. டிரைவர் இல்லையா, கேபிள் அறுந்துதா, போர்ட் நம்பர் தப்பா, வேகம் தப்பா, போர்டு செத்துதா? எதையும் அது சொல்லாது. காய்ச்சல் மாதிரி. காய்ச்சல்ங்கிறது நோய் இல்லை, ஏதோ நோய் இருக்குன்னு ஒரு அறிவிப்பு. அவ்வளவுதான்.

மெஷின் காரணம் சொல்லாதப்போ அந்த வெற்றிடத்தை நாம என்ன வச்சு நிரப்புறோம்ங்கிறதுதான் என் கட்டுரை. நாங்க நிரப்பினது ஒரு ஜூனியரை வச்சு. டீம்லயே புதுசா வந்தவன் அவன்தான். போர்டைத் தொட்டவனும் அவன்தான். "டிரை சால்டரா இருக்கும்டா" என்று நான்தான் முதலில் சொன்னேன். சொன்ன உடனே எல்லாரும் தலையாட்டினாங்க. ஏன்னா சொன்னது எலக்ட்ரிக்கல் சப்-டீம் லீட். ஈசிஈ ஃபைனல் இயர் போகப் போறவன். அவனுக்குத் தெரியாதா?

மூணு ராத்திரி. முதல் ராத்திரி அவனை வச்சு எல்லா ஜாயின்ட்டையும் திரும்ப சூடு பண்ண வச்சோம். டொய்ங். ரெண்டாவது ராத்திரி புது ஆர்டுயினோ மெகா வாங்கிட்டு வந்தோம். டொய்ங். ஒருத்தன் ஃபர்ம்வேரைத் திரும்ப ஏத்தினான், அதே நேரத்துல இன்னொருத்தன் யூஎஸ்பி போர்ட்டை மாத்தினான். எது என்ன பண்ணிச்சுன்னு யாருக்கும் தெரியாது. மூணாவது ராத்திரி அந்தத் தம்பியை ஷீல்டுல இருந்த கனெக்டரையே பிடுங்கிட்டு மறுபடி போடச் சொன்னேன். ரெண்டாவது தடவை சூடு பட்டதுல ஒரு பேட் உரிஞ்சு வந்துருச்சு. "விடுடா, நீ போய் ஐஏடி-க்குப் படி. நாங்க பாத்துக்கிறோம்" என்றேன்.

அவன் ஒண்ணும் சொல்லலை. "சரிண்ணா"ன்னு சொல்லிட்டு பேக்கை எடுத்துட்டுப் போனான். மறுநாள் காலையில டீம் குரூப்ல அவன் பேர் இல்லை. லெஃப்ட்.

எந்தப் பக்கம்?

நாலாவது நாள் லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட ஆசிலோஸ்கோப் கடன் கேக்கப் போனேன். அவர் எதுக்குன்னு கேட்டார். சொன்னேன். அவர் ஸ்கோப்பை எடுத்துக் கொடுக்கலை. "தம்பி, தப்பு லேப்டாப் பக்கமா, போர்டு பக்கமா?" என்று கேட்டார்.

"போர்டுண்ணா."

"எப்படித் தெரியும்?"

என்கிட்ட பதில் இல்லை. நிஜமாவே இல்லை.

அவர் டிராயரைத் திறந்து ஒரு ஜம்பர் ஒயர் எடுத்துக் கொடுத்தார். ஒரு ரூபாய்கூட பெறாது. அது வச்சு செய்ற டெஸ்ட்டுக்குப் பேரு லூப்பேக். டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் நேரா சேர்த்துடணும். உன் வாயை உன் காதோட கட்டுற மாதிரி. இப்போ லேப்டாப்ல ஒரு எழுத்து டைப் பண்ணினா அது கேபிள் வழியா போய், திரும்பி வந்து, திரையில தெரியணும். தெரிஞ்சா லேப்டாப், டிரைவர், கேபிள், யூஎஸ்பி சிப் எல்லாம் அந்த நேரத்துக்கு ஓகே. தெரியலைன்னா பிரச்சினை உன் பக்கம். அடுத்தவனைப் பாக்கவே வேண்டாம்.

ஆர்டுயினோ மெகாவுல இதைப் பண்ண, முதல்ல ரீசெட் பின்னை கிரவுண்டோட சேர்க்கணும். அப்போ மெயின் சிப் தூங்கிடும், குறுக்க பேசாது. அப்புறம் 0, 1 பின்களைச் சேர்த்து, சீரியல் மானிட்டர்ல டைப் பண்ணிப் பாக்கணும். பழைய மெகாஸ்க்வர்ட்டுல ஒன்பது பின் கனெக்டர் இருக்கும். கேபிளைப் போர்டுலிருந்து கழற்றி, அதோட முனையில 2, 3 பின்களைச் சேர்த்தா கேபிள் வரைக்கும் டெஸ்ட் ஆயிடும். அது பாஸ் ஆனா, போர்டுல ப்ராசசரைக் கழற்றிட்டு, அதோட சாக்கெட்டுல டிஎக்ஸ், ஆர்எக்ஸ் துளைகளைச் சேர்க்கலாம். அப்போ வோல்டேஜ் மாத்துற சிப் வரைக்கும் டெஸ்ட் ஆகும். ஒவ்வொரு தடவையும் அந்த ஒயர் துண்டு ஒரு படி தள்ளிப் போகுது. எங்க எதிரொலி நிக்குதோ, அதுக்கு முந்தின படிக்கும் இந்தப் படிக்கும் நடுவுல தப்பு.

நான் டெஸ்ட் பண்ணினேன். எதிரொலி வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களாண்ணா, என் பக்கம் ஓகே. போர்டுதான்!"

அவர் சிரிச்சார். "எஞ்சின் நிக்கிறப்போ ஓகே. உனக்கு எப்போ கட் ஆகுது?"

எஞ்சின் சுத்தும்போது.

"அப்போ சுத்தும்போதுதான கேக்கணும்?"

சாயங்காலம் அவரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். வந்ததும் ஒரு பேப்பர்ல சிக்னல் போற பாதையை வரையச் சொன்னார். லேப்டாப், யூஎஸ்பி கேபிள், மெகா போர்டுல இருக்கிற யூஎஸ்பி சிப், அங்கிருந்து மெயின் சிப். அவ்வளவுதான் பாதை. வரைஞ்சு முடிச்சதும் என் கை நின்னுருச்சு. அந்தப் படத்துல ஷீல்டே இல்லை. அந்தத் தம்பி வச்ச ஒரு சால்டர்கூட லேப்டாப் பேசுற வழியில இல்லவே இல்லை.

ஷீல்டோட பவர் லைன், கிரவுண்ட் வழியா தொந்தரவு வர வாய்ப்பு இருக்குன்னு நீங்க கேக்கலாம். சரியான கேள்விதான். ஆனா அது ரெண்டாவது சந்தேகமா இருந்திருக்கணும், முதல் தீர்ப்பா இல்லை. இன்னொண்ணு, அந்த 'டொய்ங்' சத்தம் முதல் நாளிலிருந்து எங்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக்கிட்டே இருந்தது. ஃபர்ம்வேர் தப்புன்னாலோ வேகம் தப்புன்னாலோ டேட்டாதான் குழம்பும், யூஎஸ்பி டிவைஸ் அப்படியே இருக்கும். டிவைஸே காணாமப் போயிட்டுத் திரும்ப வருதுன்னா அடி யூஎஸ்பியில விழுது. மூணு ராத்திரி அதைக் கேட்டோம். யாரும் கவனிக்கலை.

அப்புறம் பாதி பாதியா பிரிச்சோம். பாதுகாப்புக்காக ஃபியூல் பம்ப் ஃபியூஸை எடுத்துட்டோம், இன்ஜெக்டர் கனெக்டரையும் கழற்றினோம். முதல்ல காயில் கனெக்டரையும் கழற்றிட்டு ஸ்டார்ட்டரை அமுக்கினோம். அஞ்சு நொடி, பத்து நொடி. கனெக்‌ஷன் அசையலை. அப்போ ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை, பேட்டரி வோல்டேஜ் இறங்குறதும் இல்லை. அடுத்து காயிலை மட்டும் மாட்டிட்டு அமுக்கினோம். டொய்ங்.

ஸ்பார்க்.

"பிளக் ஒரிஜினலா?" என்றார் அண்ணன்.

ஒர்க்‌ஷாப்ல ஒரு அமைதி. பிளக்கை மாத்தினது நான். ரேசிங் பிளக்னு ஆன்லைன்ல பாத்து வாங்கினேன். சாதாரண ரோட்டு பைக் பிளக் பலதுல உள்ளுக்குள்ள சுமார் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். ஸ்பார்க் அடிக்கும்போது கிளம்புற ரேடியோ இரைச்சலை அடக்கத்தான் அது. பிளக் நம்பர்ல ஆர்ங்கிற எழுத்து பெரும்பாலும் அதைத்தான் குறிக்கும். நான் வாங்கினதுல அந்த எழுத்து இல்லை. அதோட முடியலை. யூஎஸ்பி கேபிளை அழகா இருக்கட்டும்னு காயில் ஒயரோட சேர்த்து நாலு ஜிப் டை போட்டுக் கட்டி வச்சிருந்தது யாரு? அதுவும் நான்தான். ஒரு ட்ரான்ஸ்மிட்டரைச் செஞ்சு, அதுக்குப் பக்கத்துலயே ஆன்டெனாவையும் கட்டி வச்சிருந்தேன்.

ஜிப் டையை வெட்டி கேபிளைத் தள்ளிப் பிடிச்சோம். கட் ஆகுறது குறைஞ்சது, நிக்கலை. பழைய பிளக்கைத் திரும்பப் போட்டோம். நின்னுருச்சு. ஆரம்பத்துலிருந்து கடைசி வரை நாப்பது நிமிஷம்.

உங்களுக்கு நடந்தா

இதைப் படிக்கிற ஜூனியர்ஸ் யாராவது நாளைக்கு இதே மாதிரி மாட்டிக்குவீங்க. அதனால சில விஷயம் சொல்லிடறேன்.

கேபிளைச் சொருகினா டிவைஸ் மேனேஜர்ல புதுசா ஒரு வரி வருதான்னு முதல்ல பாருங்க. வரலைன்னா ட்யூனர்ஸ்டுடியோவைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அது கேபிள் அல்லது டிரைவர் பிரச்சினை. சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள்ல டேட்டா ஒயரே இருக்காது. விலை குறைஞ்ச மெகா போர்டு பலதுல சிஹெச்340 சிப் இருக்கும், அதுக்குத் தனி டிரைவர் தேவைப்படலாம். அதே போர்டை வேற யூஎஸ்பி துளையில சொருகினா காம் போர்ட் நம்பரும் மாறலாம். நேத்து காம் 3, இன்னிக்கு காம் 7. ஆர்டுயினோ சீரியல் மானிட்டர் திறந்தே இருந்தா வேற எந்த சாஃப்ட்வேருக்கும் அந்த போர்ட் கிடைக்காது. இது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மறப்போம்.

உபுண்டு பசங்களுக்கு: உங்க யூசர் பேரு டயல்அவுட் குரூப்ல இருக்கணும். உபுண்டு 22.04-ல இன்னொரு கூத்து உண்டு. பார்வையற்றவங்களுக்கான பிரெய்ல் கருவியை இயக்குற ஒரு நிரல், சிஹெச்340-ஐத் தன்னோட கருவின்னு நினைச்சுப் பிடிச்சுக்கும். போர்ட் வந்த வேகத்துல காணாமப் போகும். போர்டு மேல ஒரு தப்பும் இருக்காது.

'நேத்து வேலை செஞ்சது, நான் எதையும் மாத்தலை'ங்கிறதையும் நம்பாதீங்க. 2014 அக்டோபர்ல, விண்டோஸ் அப்டேட் வழியா வந்த எஃப்டிடிஐ டிரைவர், அந்தக் கம்பெனி சிப்போட போலிகளைக் கண்டுபிடிச்சு அதோட அடையாள எண்ணையே பூஜ்யமா மாத்திடுச்சு. ராத்திரி நல்லா இருந்த கேபிள் காலையில பொணம். வாங்கினவங்களுக்கு அது போலின்னே தெரியாது.

லூப்பேக் பாஸ் ஆச்சு, ஆனா ஈசியூ பேசலைன்னா, அப்போதான் அந்தப் பக்கம் போகணும். ஃபர்ம்வேர் ஏறியிருக்கா? ட்யூனர்ஸ்டுடியோவுல இருக்கிற ப்ராஜெக்ட்டும் போர்டுல இருக்கிற ஃபர்ம்வேரும் ஒரே வெர்ஷனா? வேகம் சரியா? முதல் தலைமுறை மெகாஸ்க்வர்ட் 9600-ல பேசும், அதுக்கப்புறம் வந்தது 115200. அதே மாதிரி மெகாஸ்க்வர்ட்டுக்கு நேர் கேபிள்தான் வேணும். ஒயரைக் குறுக்க மாத்தின நல்-மோடம் கேபிளைப் போட்டா வாயும் வாயும் சேர்ந்துடும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் கட் ஆனா என் கதையைத் திரும்பப் படிங்க. கூடவே, சார்ஜரைக் கழற்றிட்டு லேப்டாப்பை பேட்டரியில ஓட்டிப் பாருங்க. கடைசியா ஒண்ணு: ஆர்டுயினோவோட போர்ட்டைத் திறந்தாலே போர்டு ரீசெட் ஆகும். ஓடுற எஞ்சின்ல போய் கனெக்ட் பண்ணினா எஞ்சின் நின்னுடும். அது பழுது இல்லை, அந்த போர்டோட குணம். அதைத் தடுக்க ஸ்பீடுயினோவுலயே ஒரு செட்டிங் இருக்கு.

என் கருத்து

இப்போ நான் சொல்ல வந்ததுக்கு வரேன். நமக்கு சீரியல் கம்யூனிகேஷன் தெரியாதா? நல்லாவே தெரியும். 8051-ல 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டு 9600 வேகம் வேணும்னா டிஹெச்1 ரெஜிஸ்டர்ல எஃப்டி போடணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். ஆனா அதே லேப்ல, வேலை செய்யாத ஒரு கேபிளை எப்பவாவது நம்ம கையில கொடுத்து 'கண்டுபிடி'ன்னு சொல்லியிருக்காங்களா? எனக்கு நினைவில்லை. நம்ம லேப்ல கிட் வேலை செய்யலைன்னா அடுத்த கிட்டுக்கு மாறுவோம். அவுட்புட் வந்தா கையெழுத்து. வராதவன் பக்கத்து பேட்ச்ல இருந்து ரீடிங் எடுத்து எழுதுவான். நாலு வருஷமா நமக்குப் பழக்கம் ஆனது வேலை செய்ற சர்க்யூட்டைப் பாக்கிறதுதான். உடைஞ்சதைக் கேள்வி கேக்கப் பழகலை.

அந்தப் பழக்கம் இல்லாதவன் கையில ஒரு டீமைக் கொடுத்தா என்ன பண்ணுவான்? நான் பண்ணினதைத்தான் பண்ணுவான். சர்க்யூட்டைப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது, அதனால ஆளைப் பிரிப்பான்.

'போட்டிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது மெத்தட் எல்லாம் பாத்துக்கிட்டு இருக்க முடியாது ப்ரோ'ன்னு என் பேட்ச் ஆட்களே சொல்லுவாங்க. கணக்கு பாருங்க. மெத்தட் இல்லாம மூணு ராத்திரி, ஒரு புது போர்டு, ஒரு உரிஞ்ச பேட், ஒரு ஆள். மெத்தடோட நாப்பது நிமிஷம், ஒரு ஒயர். அவசரம்ன்னாத்தான் மெத்தட் வேணும்.

'சீனியர் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா'ன்னும் கேக்கலாம். இருக்கு. அந்த அண்ணனோட அனுபவம்தான் எங்களைக் காப்பாத்திச்சு. ஆனா அவர் அனுபவத்தை எப்படி யூஸ் பண்ணினார்னு கவனிங்க. எதை முதல்ல டெஸ்ட் பண்ணணும்னு முடிவு பண்ண யூஸ் பண்ணினார். நான் என் அனுபவத்தை டெஸ்ட் பண்ணாமலே தீர்ப்பு சொல்ல யூஸ் பண்ணினேன். கடைசியில பிளக்கை மாத்தினது யாருன்னு தெரிஞ்சப்போகூட அவர் யாருன்னு கேக்கலை. பிளக் ஒரிஜினலான்னுதான் கேட்டார்.

லூப்பேக் டெஸ்ட்ல எனக்குப் பிடிச்சது இதுதான். அது முதல்ல உன்னைத்தான் கேக்கும். உன் லேப்டாப், உன் டிரைவர், உன் கேபிள். அது முடியாம அடுத்தவன் வேலையைத் தொட விடாது.

அதனால டிபார்ட்மென்ட்டுக்கும் டீமுக்கும் எனக்கு மூணு வேண்டுகோள். ஒண்ணு: ஒவ்வொரு ஹார்டுவேர் லேப்லயும் செமஸ்டருக்கு ஒரு கிளாஸ், வேணும்னே பழுது பண்ணின கிட்டைக் கொடுங்க. அவுட்புட்டுக்கு மார்க் வேண்டாம், தப்பு எந்தப் பாதியில இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கிறதுக்கு மார்க் போடுங்க. ரெண்டு: டீம் ரூம்ல ஒரு நோட்டு வைங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். என்ன மாத்தினோம், என்ன பாத்தோம்னு ரெண்டு வரி. நான் பிளக் மாத்தின தேதி அந்த நோட்டுல இருந்திருந்தா இந்தக் கட்டுரையே இல்லை. மூணு: ஏதாவது வேலை செய்யலைன்னா, பாதையைப் பேப்பர்ல வரைஞ்சு லூப்பேக் முடிக்கிற வரைக்கும் 'யாரு பண்ணது'ங்கிற கேள்வி தடை.

கடைசியா

கார் கோயம்புத்தூர் போச்சு. எண்டூரன்ஸ்ல செயின் பிரச்சினையில நின்னுருச்சு. ஆனா ஈசியூ கடைசி வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தது. அது உட்கார்ந்திருந்தது அந்தத் தம்பி சால்டர் பண்ணின ஷீல்டு மேலதான். உரிஞ்ச பேட்டுக்கு ஒரு சின்ன ஒயரை வச்சு ஒட்டுப் போட்டிருந்தோம்.

போறதுக்கு முன்னாடி அவன் ஹாஸ்டல் ரூமுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன், சாரி சொன்னேன். குரூப்லயும் எல்லார் முன்னாடியும் எழுதினேன். "பரவால்லண்ணா" என்றான். அப்புறம் கொஞ்சம் யோசிச்சிட்டு, "ஷீல்டைக் கழற்றிட்டு மெகாவை மட்டும் வச்சு ஒருவாட்டி பாக்கலாமான்னு முதல் நாளே கேட்டேன்ணா. யாருக்கும் கேட்கலை போல" என்றான்.

கேட்டிருக்கலாம். எனக்கு இப்பவும் நினைவில்லை. அவன் பொய் சொல்லக் காரணமும் இல்லை. டீமுக்கு அவன் திரும்பி வரலை. இப்போ வேற ஒரு ப்ராஜெக்ட்ல நல்லா பண்றான்னு கேள்விப்பட்டேன்.

நான் மே மாசம் கிளம்பிடுவேன். டீம் டூல் பாக்ஸ்ல மேல் தட்டுல, சிவப்பு இன்சுலேஷன் டேப் சுத்தின ஒரு ஜம்பர் ஒயர் இருக்கும். அண்ணன் கொடுத்தது. வேற எதுக்கும் யூஸ் பண்ணாதீங்க. எடுத்தா திருப்பி அங்கேயே வச்சிடுங்க.